நாஷ்வில் எலிஸ்டன் பிளேஸ் சோடா ஷாப்பில் சுத்த சைவம் கிடைக்குமா?

அமெரிக்காவில் நாஷ்வில் பக்கம் இருக்கிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை எலிஸ்டன் பிளேஸ் சோடா ஷாப்புக்குக் கூட்டிப்போக ரொம்ப ஆசை. 1939-இல் தொடங்கிய பழைய உணவகம் அது, 2021-இல் பக்கத்துக் கட்டடத்துக்கு மாறியது. அப்பாவுக்கு மில்க்‌ஷேக் போதும், கவலையில்லை.

அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். அங்கே ‘மீட் அண்ட் த்ரீ’தான் பிரதானம்: ஒரு இறைச்சி, மூன்று தொடுகறி. அமெரிக்கத் தெற்கில் கீரை, பீன்ஸ் எல்லாவற்றையும் பன்றி இறைச்சி போட்டு வேகவைப்பது வழக்கம். அதனால் காய்கறி என்று எழுதியிருந்தாலும் நம்பி வாங்கித் தர மனசு வரவில்லை. (மக்ரோனி சீஸையும் காய்கறிக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள்!)

இறைச்சி வேண்டாம், தொடுகறி மட்டும் என்றால் தருவார்களா? எவற்றில் இறைச்சி சேராது? அப்பாவுக்கு முழங்கால் வலி, எந்த நேரம் போனால் வரிசையில் நிற்காமல் உட்காரலாம்?