மைக்ரோ டீச்சிங் (பி.எட்ல ஒரு திறனை மட்டும் சில நிமிஷம் நடத்திப் பழகறது) வீடியோவுல உங்களையே பாத்த அனுபவம் இருக்கா?

பாலக்கோடு பி.எட்:
டீச்சிங் பிராக்டிஸ்ல எட்டாவதுக்கு ஒளிச்சேர்க்கை. கூட வந்த பிள்ளை கடைசி பெஞ்சுல இருந்து போன்ல எடுத்தா. இலை ஏன் பச்சையா இருக்குன்னு கேட்டுட்டு நான் போர்டு பக்கம் திரும்பிட்டேன், பின்னாடி ஒரு கை ஏறுது, எறங்குது, மறுபடி ஏறுது, அப்புறம் அதே கையால அந்தப் பொண்ணு தலையைச் சொறிஞ்சுக்குது. பதிலை நானே சொல்லிட்டேன். நைட்டு ஹாஸ்டல்ல தான் பாத்தேன்.

அரூர்க்காரன்:
உங்களுக்காவது நெஜப் பசங்க. எங்களுக்கு கிளாஸ்மேட்டே எட்டாவது பையனா நடிச்சான், எல்லா கேள்விக்கும் டக்குனு பதில். ஸ்டான்போர்டுல 1963ல ஆரம்பிச்சப்போ நடத்து, பாரு, திருத்து, திரும்ப நடத்துன்னு தான் இருந்துச்சு. நம்மூர் கணக்குல கடைசியா இன்னொரு தடவை பாக்கறதும் சேத்து 6+6+12+6+6, மொத்தம் 36 நிமிஷம். நாங்க நடத்துனது மொத 6 மட்டும், மிச்ச 30ம் ரெக்கார்டு நோட்டுல தான். வீடியோவை யாருமே போட்டுப் பாக்கல.

ஓசூர் பக்கம்:
எனக்கு படத்தை விட சத்தம் தாங்க. ஆறாவது, பின்னம். போன் கடைசி பெஞ்சுக்கிட்ட. நான் பாதிங்கறேன், ஒரு பையன் பக்கத்துல இருக்கறவன்கிட்ட 'சகம், சகம்'ங்கறான். கால்ங்கறேன், 'பாவு'ங்கறான். வீட்ல தெலுங்கு பேசற பையனுக்கு நான் சொல்றதெல்லாம் மாத்திச் சொல்லிட்டு இருந்திருக்கான். அடுத்து என் குரல்: "ஏய், அங்க என்னடா பேச்சு, எந்திரி!" அவன் எந்திரிச்சு நின்னுட்டான், பிரீயட் முடியற வரைக்கும் நின்னான்.

ரிட்டயர்டு வாத்தியார், காவேரிப்பட்டணம்:
நானும் மாணவர்களை நிக்க வெச்சவன் தான். நீங்கள்லாம் முதல் தடவை சத்தத்தை அணைச்சுட்டுப் பாருங்கம்மா, யார் பக்கம் திரும்புறோம்னு தெரியும். ரெண்டாவது படத்தை மூடிட்டுக் கேளுங்க. கேள்வி கேட்டப்புறம் எத்தனை செகண்ட் விடறோம்னு எண்ணுங்க, மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் அம்மா எண்ணிப் பாத்தப்போ பெரும்பாலும் ஒரு செகண்ட் தான் வந்துச்சு, மூணு செகண்ட் விட்டாலே பசங்க பதில் நீளுது. போனை ஜன்னல் பக்கம் பாத்து வைக்காதீங்க, எல்லாம் கருப்பா விழும். பசங்க மூஞ்சி இருக்கற வீடியோவை ஸ்டேட்டஸ்ல போடவே கூடாது. ஒரு தடவைக்கு ஒரு திறன் மட்டும்...

பாலக்கோடு பி.எட்:
சார், ஐடியா கேக்கலையே. ஓசூர் அக்கா, அந்தப் பையன்கிட்ட அப்புறம் பேசினீங்களா?

ஓசூர் பக்கம்:
இல்லமா. அன்னிக்கு தான் எனக்கு அங்க கடைசி நாள். வீடியோவைப் பாத்தது பஸ்ல வர்றப்போ, சூளகிரி தாண்டி.