யாழ்ப்பாணத்தில கொத்துரொட்டியும் ஐஸ்கிறீமும் எங்க நல்லம்?

கொழும்பிலயிருந்து பிள்ளையளோட வாறம். போனமுறை ஏ9 றோட்டோரக் கடை ஒண்டில முக்கால் மணித்தியாலம் காத்திருந்தும் கொத்து ஆறித்தான் வந்தது, ஐஸ்கிறீம் உருகி ஜெலி மட்டும் கப்புக்க மிதந்துது, சின்னவள் அழுதிட்டாள். நல்ல இடம் சொல்லுங்கோ.

மறுமொழி 1:
ஐஸ்கிறீமுக்கு நல்லூர்க் கோயிலடி றியோ கடைக்குப் போங்கோ. ஆனா 25 நாள் திருவிழா நேரமெண்டா சரியான சனம், இருக்க இடம் கிடையாது.

மறுமொழி 2:
கொத்துக்கு, தகட்டுச் சத்தம் கேக்கிற கடையாப் பாத்து நில்லுங்கோ தங்கச்சி, கண்ணுக்கு முன்னால கொத்தினாத்தான் சுடச்சுட வரும், கொத்தி வச்சதெண்டா ரொட்டி இறுகிப்போடும். கொத்தைச் சாப்பிட்டு முடிச்சாப் பிறகு ஐஸ்கிறீமுக்குச் சொல்லுங்கோ, ரெண்டையும் ஒண்டாச் சொன்னா உருகத்தான் செய்யும்.

கேட்டவர்:
ஓம் அண்ணை, நாங்கள் ஒண்டாத்தான் சொன்னனாங்கள். இந்தமுறை பின்னேரம் வெள்ளனவே போறம், நன்றி.