புதுப்பிப்பு: ஸ்டார் சீ வழக்கில் என்ன ஆனது?

முந்தைய இழையில் சொன்னது இதுதான்: பயணக் காப்பீடு (ஒரு குறிப்பிட்ட கடல் பயணத்துக்காகக் கப்பலுக்கு எடுப்பது) என்றால் புறப்படும்போதே கப்பல் கடலோடத் தகுதியாக இருந்தாக வேண்டும்; காலக் காப்பீட்டில் (குறிப்பிட்ட காலத்துக்கு எடுப்பது) அப்படி ஒரு உத்தரவாதம் கிடையாது. “அப்போ ஓட்டைக் கப்பலுக்கும் பணம் கிடைக்குமா?” என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். உரிமையாளர் தெரிந்தே அனுப்பி, அந்தக் குறையாலேயே சேதம் வந்திருந்தால் கிடைக்காது. அவருக்குத் தெரியும் என்று நிரூபிப்பதில்தான் சண்டையே.

1990 மே மாதம், காலக் காப்பீட்டில் இருந்த ஸ்டார் சீ என்ற கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. காற்று வழிகளை அடைக்கும் தகடுகள் சரியாக மூடவில்லை. தீயணைக்க வைத்திருந்த கார்பன் டை ஆக்சைடை எப்படித் திறந்துவிடுவது என்பது கேப்டனுக்கே சரியாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் அதே நிர்வாகத்தின் வேறு இரண்டு கப்பல்களில் ஏற்கெனவே தீ விபத்து நடந்திருந்தது!

உரிமையாளர் தரப்பு கண்ணை மூடிக்கொண்டது என்றார் விசாரணை நீதிபதி. மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 2001-இல், அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையும் உரிமையாளர் பக்கமே நின்றது. வெறும் அசட்டை போதாதாம். சந்தேகம் வந்தும் வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டிருக்க வேண்டும். எனக்கு இது ரொம்பவே தாராளமாகப் படுகிறது.

இந்தியாவைப் பற்றிக் கேட்டவருக்கு: 1963 கடல் காப்பீட்டுச் சட்டம், பிரிவு 41. ஏறக்குறைய இங்கிலாந்துச் சட்டத்தின் அதே வாசகம்.