பருமல் பக்கக் கயிற்றில் இடிக்கிறது: என் மாதிரிக் கப்பலில் பிழை உள்ளதா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த, மூன்று பாய்மரங்களும் சதுரப்பாய்களும் கொண்ட போர்க்கப்பல் ஒன்றின் மாதிரியை மரத்தில் செய்துவருகிறேன். உடற்பகுதியை முடித்துப் பாய்மரங்களை நட்டு, அவற்றை இருபுறமும் தாங்கும் பக்கக் கயிறுகளையும் கட்டிவிட்டேன். நடுப் பாய்மரத்தின் அடிப் பருமலை (பாயைத் தொங்கவிடும் குறுக்குக் கழியை) மாட்டித் திருப்பிப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. கப்பலின் நடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 45 பாகை வந்ததும் பருமல் பக்கக் கயிற்றில் முட்டி நின்றுவிடுகிறது. எதிர்க்காற்றில் செல்லும்போது பாயை இன்னும் கூர்மையாகத் திருப்ப வேண்டியிருக்கும் அல்லவா? கயிறுகளை நான் தவறான இடத்தில் கட்டிவிட்டேனா, அல்லது உண்மைக் கப்பலிலும் இப்படித்தான் இருந்ததா? அத்துடன், ஒவ்வொரு பாய்மரத்தையும் மூன்று துண்டுகளாகச் செய்து ஒன்றன்மீது ஒன்று சற்று ஏறி நிற்குமாறு பொருத்தும்படி வரைபடம் சொல்வதன் காரணமும் எனக்குப் புரியவில்லை. ஒரே கழியாகச் செய்திருந்தால் பார்வைக்கும் நன்றாக இருந்திருக்கும்.

முதல் மறுமொழி

உங்கள் கயிறுகள் சரியான இடத்தில்தான் இருக்கின்றன. உண்மைக் கப்பலிலும் பருமல் அங்கேதான் முட்டியது. சதுரப்பாய்க் கப்பல்களின் முதன்மையான குறையே அதுதான்.

சதுரப்பாயில் காற்று பெரும்பாலும் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ அடிப்பதால் பாய்மரம் முன்னோக்கியும் பக்கவாட்டிலும் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்க வேண்டுமானால் பக்கக் கயிறுகளின் கீழ் முனைகள் பாய்மரத்துக்கு நேராக மட்டும் இருந்தால் போதாது, சற்றுப் பின்னால் தள்ளியும் கட்டப்பட வேண்டும். அவ்வாறு பின்னோக்கிச் சாய்ந்த கயிறுகள்தாம், காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறத்தில் பருமலின் முனை பின்னே வரும்போது அதைத் தடுக்கின்றன. பாய்மரத்தைக் காப்பாற்றும் கயிறே கப்பல் காற்றை எதிர்த்துச் செல்லக்கூடிய எல்லையையும் வகுத்துவிடுகிறது.

பருமல் 45 பாகையில் நிற்கும்போது பாய் படபடக்காமல் உப்பி நிற்க, காற்று பாயின்மீது ஏறத்தாழ இருபது பாகைக் கோணத்திலாவது விழ வேண்டும். இரண்டையும் கூட்டினால், மாலுமிகள் நடைமுறையில் கண்ட கணக்குக்கு மிக அருகில் வந்துவிடுகிறோம். திசைகாட்டியின் வட்டத்தை அவர்கள் 32 புள்ளிகளாகப் பிரித்தார்கள். ஒரு புள்ளி என்பது 11.25 பாகை. நல்ல சதுரப்பாய்க் கப்பல் காற்றின் திசையிலிருந்து ஆறு புள்ளிகள், அதாவது 67.5 பாகை விலகித்தான் செல்ல முடிந்தது. காற்று வரும் திசையில் 10 கடல்மைல் முன்னேற விரும்பும் கப்பல், மாறி மாறிக் குறுக்கே ஓடி ஏறத்தாழ 26 கடல்மைல் கடக்க வேண்டும். கப்பலின் நீளவாக்கில் பாய் கட்டிய கலம் 45 பாகையில் செல்லுமானால் அதற்கு 14 கடல்மைலே போதும். காற்றும் நீரோட்டமும் கப்பலைப் பக்கவாட்டில் ஒதுக்கும் இழப்பை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

பாய்மரம் மூன்று துண்டுகளாக இருப்பதற்குக் காரணம் மரத்தின் நீளம்தான். 1765இல் நீரில் இறக்கப்பட்ட 'விக்டரி' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் நடுப் பாய்மரம் நீர்மட்டத்திலிருந்து 205 அடி உயரம். அவ்வளவு நீளத்துக்கு நேராக வளர்ந்த ஒற்றை மரம் கிடைக்காது.

இரண்டாம் மறுமொழி

மேலே சொல்லப்பட்டதில் கோணத்தைப் பற்றிய விளக்கம் முழுவதையும் ஏற்கிறேன். மரத்தின் நீளம் பற்றிச் சொன்னது பாதி உண்மைதான். அக்காலப் பெருங்கப்பல்களில் அடிமரமே (பாய்மரத்தின் கீழ்த் துண்டே) ஒற்றை மரமன்று; பல பைன் மரத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, இரும்பு வளையங்களால் இறுக்கி அதைச் செய்தார்கள். நீளம் மட்டுமே தேவையென்றால் அதே முறையில் இன்னும் உயரமான மரத்தையும் ஒட்டிச் செய்திருக்கலாம். துண்டுகளாக வைத்ததற்கு மேலும் வலுவான காரணம், நடுக்கடலில் அவற்றைக் கழற்றி இறக்க வேண்டியிருந்தது என்பதே.

உங்கள் வரைபடத்தில் இரு துண்டுகளும் இணையாக ஏறி நிற்கும் பகுதியைக் கவனியுங்கள். மேல் துண்டு கீழ்த் துண்டின் முன்பக்கத்தில் நிற்கிறது. அதன் அடியில் குறுக்கே செருகிய ஒரு முளை அதன் எடையைத் தாங்குகிறது. கீழ்த் துண்டின் உச்சியிலுள்ள கனத்த மரத் தொப்பி அதை அசையாமல் பிடிக்கிறது. மேல் துண்டைக் கயிறு கட்டிச் சிறிது தூக்கினால் முளையின் மீதுள்ள சுமை நீங்கும். முளையை உருவிவிட்டு, தாங்கு கயிறுகளைத் தளர்த்திக்கொண்டே மரத்தைக் கீழே இறக்கிவிடலாம். புயல் வரும் அறிகுறி தெரிந்ததும் உச்சி மரங்களைத் தளத்துக்கு இறக்கி, கப்பலின் மேற்சுமையைக் குறைப்பது வழக்கமான வேலை. குண்டடி பட்டோ காற்றில் முறிந்தோ மேல் மரம் போய்விட்டால், கப்பலிலேயே வைத்திருக்கும் மாற்று மரத்தை அங்கே ஏற்றிவிடலாம். துறைமுகத்திலிருந்து மாதக்கணக்கில் விலகியிருக்கும் கப்பலுக்கு இது உயிர்நாடி. ஒரே கழியாகச் செய்தால் அழகாக இருக்கும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்; அந்த இணைப்பின் பயனை அறிந்தபின் எனக்கு அதைவிட அழகான பகுதி கப்பலில் வேறெதுவும் தென்படவில்லை.

உங்கள் முதல் கேள்வி தொடர்பாக இரண்டு செய்திகள். பாய்மர மேடைக்கு (அடிமரத்தின் உச்சியருகே உள்ள தளத்துக்கு) சற்றுக் கீழே, இடப்பக்கக் கயிறுகளையும் வலப்பக்கக் கயிறுகளையும் உள்நோக்கி இழுத்துப் பிணைக்கும் குறுகிய கயிறுகள் உங்கள் வரைபடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பருமல் முட்டும் உயரத்தில் பக்கக் கயிறுகளை ஒடுக்கி, அது மேலும் சில பாகை திரும்ப இடம் தருவது அவற்றின் பணிகளில் ஒன்று. பலர் அவற்றை வெறும் அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். அடுத்ததாக, அடிப் பருமலைப் பாய்மரத்தோடு இறுக்கிப் பிடிக்கும் கயிற்றைத் தளர்த்த முடியும். கூர்மையாகத் திருப்பும்போது மாலுமிகள் அதைத் தளர்த்திப் பருமலைச் சற்று முன்னே விலக விடுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் பருமலை மரத்திலிருந்து எப்போதும் விலக்கியே வைத்திருக்கும் இரும்புத் தாங்கிகள் வந்தன. உங்கள் கப்பலின் காலத்துக்கு அவை பொருந்தா.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தக் குறுகிய கயிறுகள் வரைபடத்தில் இருக்கின்றன. அவற்றின் பயன் தெரியாததால் கட்டாமல் விட்டிருந்தேன். இன்று காலை அவற்றைக் கட்டிப் பார்த்தேன். பருமல் இப்போது நன்றாகவே கூடுதலாகத் திரும்புகிறது. இன்னும் ஓர் ஐயம்: நான் பாய்களை விரிக்காமல், பருமலோடு சுருட்டிக் கட்டிய நிலையில் காட்டப்போகிறேன். பருமல்களின் உயரத்தில் ஏதேனும் மாற்றம் செய்ய வேண்டுமா?

மூன்றாம் மறுமொழி

கட்டாயம் செய்ய வேண்டும். மாதிரிக் கப்பல்களில் நான் மிகுதியாகக் காணும் பிழை இதுவே. அடிப் பருமல் ஏறத்தாழ ஒரே உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்கு மேலுள்ள பருமல்களோ ஆஞ்சான் கயிற்றால் ஏற்றி இறக்கப்படுபவை. பாயை விரிக்கும்போது அதன் கீழ் மூலைகளை அடிப் பருமலின் முனைகளுக்கு இழுத்துக் கட்டிவிட்டு, மேல் பருமலை ஏற்றுவார்கள். அப்போதுதான் பாய் விறைத்து நிற்கும். பாயைச் சுருட்டும்போது பருமல் அடிமரத் தொப்பிக்குச் சற்று மேலே வரை இறங்கிவிடும். ஆகவே சுருட்டிய பாய்களோடு உயரத்தில் நிற்கும் மேல் பருமல் பொருளற்றது. இறக்கிய நிலையில் அமைத்து, ஆஞ்சானையும் அதற்கேற்ற நீளத்தில் காட்டுங்கள்.

பாய் சுருட்டுவது எத்தகைய உழைப்பு என்பதை எண்ணிப் பார்த்தால் மற்றச் சிறு கயிறுகளின் பொருளும் விளங்கும். 1805இல் டிரஃபால்கர் போரில் 'விக்டரி' கட்டியிருந்த முன் பாய்மரத்தின் இரண்டாம் பாய் இன்றும் போர்ட்ஸ்மத்தில் காக்கப்படுகிறது. ஏறத்தாழ 90 குண்டுத் துளைகளோடு இருக்கும் அந்தப் பாயின் கீழ் விளிம்பு மட்டும் 80 அடி அளவு அகலமுடையது. நனைந்து விறைத்த அத்தகைய துணியை, பருமலுக்குக் கீழே தொங்கும் ஒற்றைக் கயிற்றில் கால் வைத்து, கழியின்மீது வயிற்றைச் சாய்த்து, கைகளால் மடித்து மேலே இழுத்தார்கள். பருமல்களுக்குக் கீழே அந்த மிதிகயிறுகளைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

நிறத்தையும் கவனியுங்கள். மரத்தைத் தாங்கும் நிலைக் கயிறுகள் மழையிலும் வெயிலிலும் அழுகாதிருக்கத் தார் பூசப்பட்டதால் கருமையாக இருந்தன. கப்பிகளின் வழியே ஓட வேண்டிய இயங்கு கயிறுகளுக்கு அவ்வளவு தார் பூசினால் அவை விறைத்துவிடும். அவற்றுக்கு வெளிர் பழுப்பு நூலே பொருத்தம். இந்த வேறுபாட்டைக் காட்டினால், எந்தக் கயிறு தாங்குகிறது, எது இழுக்கிறது என்பதைப் பார்ப்பவர் ஒரு நொடியில் பிரித்தறிவார்.

கடைசியாக, முன்தாங்கு கயிறுகளை இன்னும் கட்டவில்லையென்றால் அவற்றின் வளையம் பக்கக் கயிறுகளின் வளையங்களுக்கு மேலே அமர வேண்டும். பக்கக் கயிறுகளை வலப்பக்க முன் இணையிலிருந்து தொடங்கி, வலமும் இடமுமாக மாறி மாறி ஏற்றினார்கள். உங்களுடையவை வேறு வரிசையில் இருந்தாலும் பிரிக்க வேண்டாம், மேடைக்குக் கீழே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது.