மீட்டு வந்த காக்கட்டீல் கிளி பெல்லட்டை (கடையில் விற்கும் குருணைத் தீனி) தொடவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். பறவை என் வீட்டுக்கு வந்து பத்து நாள். இரவில் மிரண்டு கூண்டுக்குள் படபடத்தது. முழு இருட்டில் இந்த இனத்துக்கு அதிகம் வரும் பயம் அது. சின்ன இரவு விளக்கு வைத்ததும் நின்றுவிட்டது.

சிக்கல் தீனியில்தான். சூரியகாந்தி விதை மட்டுமே தின்கிறது. அதில் கொழுப்பு அதிகம், வைட்டமின் ஏ மிகக் குறைவு. நாளடைவில் ஈரல் கெடும். முக்கால் பங்கு விதையோடு கால் பங்கு பெல்லட் கலந்தேன், பெல்லட்டை மட்டும் ஒதுக்குகிறது. தயவுசெய்து பட்டினி போடச் சொல்லாதீர்கள். பழக்கமில்லாத பறவைக்கு பெல்லட் உணவென்றே தெரியாது, கிண்ணம் நிறைய இருந்தும் செத்துப்போகும்.

தினமும் காலையில் தீனிக்கு முன் எடை பார்க்கிறேன்: 92 கிராம் இப்போது 88. 83-ஐத் தொட்டால் விதைக்கே திரும்பிவிடுவேன்.

பெல்லட்டைப் பொடித்து, நனைத்த தினைக்கதிரில் தூவிப் பழக்கியவர்கள் உண்டா? எத்தனை நாள் பிடித்தது? கையைக் கண்டாலே சீறுவதால் ஊட்ட முடியாது.