நமங்காவில் எரிந்த 6,400 குஞ்சுகளும் எல்லையில்லாத ஆப்பிரிக்கச் சந்தையும்

அருஷா முருகேசன்:
இளம்பரிதி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "ஆப்பிரிக்கக் கண்டச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தில் 54 நாடுகள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அங்கே இனி எல்லை என்பது வரைபடத்தில் மட்டும்தான்" என்கிறார். நான் பதினோரு வருடம் தான்சானியாவின் அருஷாவில் கோழித் தீவன வியாபாரம் பார்த்தவன். கென்ய எல்லையில் லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தவன். அவரிடம் ஒரே ஒரு கேள்வி. 2017 அக்டோபரில் கென்யாவிலிருந்து வந்த 6,400 ஒரு நாள் கோழிக்குஞ்சுகளை எல்லையூரான நமங்காவில் பிடித்துத் தான்சானிய அதிகாரிகள் உயிரோடு எரித்தார்களே, அன்றைக்கு எல்லை வரைபடத்தில் இருந்ததா, தரையில் இருந்ததா? இரண்டு நாடுகளும் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற வட்டாரக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள். உறுப்பு நாடுகளுக்குள் தீர்வையை நீக்கும் சுங்க ஒன்றியம் 2005இல் வந்தது, பொதுச் சந்தை 2010இல் வந்தது. அதன் பிறகும் குஞ்சுக்குத் தீ வைத்தார்கள்.

இளம்பரிதி:
ஐயா, கண்ட ஒப்பந்தம் ருவாண்டாவின் கிகாலியில் கையெழுத்தானது 2018 மார்ச் 21. நடைமுறைக்கு வந்தது 2019 மே 30. வர்த்தகம் தொடங்கியது 2021 ஜனவரி 1. பிறக்காத பிள்ளை மேல் பழி போடுகிறீர்கள். 2022 அக்டோபரில் கென்யா, கானா, ருவாண்டா, எகிப்து உட்பட எட்டு நாடுகள் சோதனை முறையில் இந்த ஒப்பந்தத்தின்கீழ் சரக்கு அனுப்பத் தொடங்கின. கென்யாவின் பேட்டரிகளும் தேயிலையும் கானாவுக்குப் போயின. இதைப் பற்றி ஒரு வரி கூட எழுத உங்களுக்கு மனம் வரவில்லை.

அருஷா முருகேசன்:
பேட்டரி போனது, சந்தோஷம். பேட்டரி சாகாது, கப்பலில் ஒரு மாதம் கிடக்கும். ஒரு நாள் குஞ்சு எல்லையில் நாள்கணக்கில் நின்றால் செத்துவிடும். எல்லை திறந்திருக்கிறதா என்பதைச் சோதிக்கக் குஞ்சை அனுப்ப வேண்டும், பேட்டரியை அல்ல. 6,400 குஞ்சுகள். பதில் சொல்லுங்கள்.

தேன்மொழி:
நான் கால்நடை மருத்துவர். அந்தக் குஞ்சுகள் அனுமதி இல்லாமல் வந்தவை; பறவைக் காய்ச்சல் பரவிவிடும் என்பதுதான் அதிகாரிகள் சொன்ன காரணம். சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டி வரும் உயிருள்ள பறவையை அழிப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம். உயிரோடு எரித்த விதம் கொடூரம், அதை நான் ஆதரிக்கமாட்டேன். ஆனால் இதை வர்த்தகப் பகை என்று திரிப்பது தவறு. இது நோய்த் தடுப்பு.

அருஷா முருகேசன்:
டாக்டர் அம்மா, நோய்த் தடுப்பு என்றால் பரிசோதனை முடிவு எங்கே? அதே சமயத்தில்தான் எல்லை தாண்டி மேய்ந்த கென்ய மசாய்க்காரர்களின் 1,300க்கும் மேற்பட்ட மாடுகளைப் பிடித்து ஏலம் விட்டார்கள். மாட்டுக்கும் பறவைக் காய்ச்சலா? இது பழைய பகை. 1977இல் முதல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் உடைந்தபோது தான்சானியா எல்லையை மூடியது, 1983 வரைக்கும் திறக்கவில்லை. அந்தக் காலத்துக் கோபத்தை அருஷாவில் டீக்கடைப் பெரியவர்கள் இன்றும் நேற்று நடந்ததுபோல் பேசுவார்கள்.

என் கதையையும் சொல்கிறேன். ஒரு முறை என் தீவன லாரி எல்லையில் ஒன்பது நாள் நின்றது. சரக்கு எந்த நாட்டில் உற்பத்தியானது என்று காட்டும் தோற்றச் சான்றிதழ் இருந்தது, தீர்வை பூஜ்யம். "ஆய்வகத் தாள் வரவேண்டும்" என்றார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. ஐந்தாம் நாள் மழை. ஏழாம் நாள் மூட்டைகளில் பூஞ்சை. ஒன்பதாம் நாள் தாள் வந்தது. அதில் "சரக்கு நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதியிருந்தது. லாரி நின்ற இடத்துக்கு ஒன்பது நாள் வாடகையும் என்னிடம்தான் வாங்கினார்கள். தீர்வையைப் பூஜ்யமாக்கிவிட்டோம் என்று மாநாட்டில் கைதட்டுகிறவர்கள் அந்த மூட்டையை முகர்ந்து பார்த்திருக்க வேண்டும். சிறு வியாபாரியைக் கொல்வது தீர்வை அல்ல. முத்திரை, தாள், காத்திருப்பு.

இளம்பரிதி:
உங்கள் மூட்டை நனைந்ததற்கு ஒரு கண்டமே பொறுப்பா? தனியார் நிறுவனங்கள் உங்களைப்போல் புலம்பிக்கொண்டு நிற்கவில்லை. 1985இல் டோகோ நாட்டின் லோமேயைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய எகோபேங்க் இன்று முப்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் இருக்கிறது. தான்சானியாவின் பக்ரேசா குழுமம் உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் மாவு அரைக்கிறது. கென்ய வங்கிகளுக்குத் தான்சானியாவிலேயே கிளைகள் உண்டு. டாலரைத் தேடி அலையாமல் உள்ளூர் நாணயங்களிலேயே பணம் தீர்க்க 2022 ஜனவரியில் கானாவின் அக்ராவில் ஓர் அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். எரிந்த குஞ்சையே கட்டிக்கொண்டு அழுகிறவருக்கு இதெல்லாம் எப்படிக் கண்ணில் படும்?

அருஷா முருகேசன்:
வங்கிக்கும் மாவு ஆலைக்கும் அமைச்சர் வீட்டுக் கதவு திறக்கும். அப்படிப்பட்டவர்களுக்கே என்ன நிலை? ஆப்பிரிக்காவின் பெரும் பணக்காரர் டாங்கோட்டே, தன் கண்டத்தைச் சுற்றிவரத் தனக்கு 35 விசாக்கள் தேவைப்படுகின்றன என்று 2024இல் கிகாலி மேடையிலேயே சொன்னார். அவருக்கே 35 என்றால் தீவனக்காரனுக்கு எத்தனை? அவர் விசா கேட்டுக் காத்திருந்தார், குஞ்சு அதுகூடக் கேட்காமல் எரிந்தது.

கப்பல் சுந்தரம்:
நடுவில் ஒரு சொல். 'டான்சானியா' என்றுதான் இருபது வருடமாகப் படித்துவருகிறேன். இங்கே எல்லோரும் 'தான்சானியா' என்கிறீர்களே?

தேன்மொழி:
சுந்தரம் அண்ணா, அந்நாட்டார் தாங்களே 'தன்சனீயா' என்றுதான் உச்சரிக்கிறார்கள். இப்போது அதுவா முக்கியம்?

முருகேசன் ஐயாவுக்கு வருகிறேன். 2021 மார்ச்சில் பூஞ்சை நச்சைக் காரணம் காட்டி உகாண்டா, தான்சானியா சோளத்தைக் கென்யா தடுத்து நிறுத்தியது. அப்போது இதே தளத்தில் நீங்கள் "கென்யா தன் மக்களைக் காப்பாற்றுகிறது" என்று எழுதினீர்கள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கென்யா தடுத்தால் சுகாதாரம், தான்சானியா தடுத்தால் பகையா?

கப்பல் சுந்தரம்:
அது சோளம் அல்ல, மக்காச்சோளம். சோளம் வேறு. மருத்துவர் இப்படி எழுதலாமா?

தேன்மொழி:
மக்காச்சோளம். திருத்திக்கொண்டேன். கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

அருஷா முருகேசன்:
நான் அப்படி எழுதியது உண்மை. கென்யா சில நாட்களில் நிபந்தனையோடு மறுபடி அனுமதித்துவிட்டது. தீ வைக்கவில்லை. மூட்டையைத் திருப்பி அனுப்பலாம், எரித்த குஞ்சை யார் திருப்பித் தருவது? அந்த வித்தியாசம் தெரியாதவரோடு என்ன பேசுவது?

இளம்பரிதி:
போன வருடம் நைஜீரியா இழையிலும் இதையேதான் செய்தீர்கள். 2019 ஜூலையில் நைஜர் நாட்டின் நியாமேயில் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நைஜீரியா, ஆகஸ்டில் பெனின் எல்லையை மூடியது என்று நாற்பது முறை எழுதினீர்கள். 2020 டிசம்பரில் திறந்ததை ஒரு முறையாவது எழுதினீர்களா?

அருஷா முருகேசன்:
கையெழுத்தின் மை காயும் முன்னே மூடியவர்களை நாற்பது முறை அல்ல, நானூறு முறை எழுதுவேன். திறக்க ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடத்தில் பெனினின் கோட்டோனூவில் அன்னாசி வைத்திருந்தவன் என்ன ஆனான் என்று யாராவது கேட்டீர்களா? ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்குள் செய்யும் வர்த்தகம் மொத்தத்தில் சுமார் 15 சதவீதம். ஐரோப்பாவில் அது அறுபதைத் தாண்டும். ஏன் என்று கேட்டால் சாலை இல்லை, துறைமுகம் இல்லை என்பார்கள். நமங்காவில் நல்ல தார்ச்சாலை ஐயா. அந்தத் தார்ச்சாலையில் வந்துதான் குஞ்சுகள் எரிந்தன.

தேன்மொழி:
அந்த 15 சதவீதத்தில் தலைச்சுமையோடு எல்லை தாண்டும் பெண்களின் வியாபாரம் சேராது. பதிவேட்டில் ஏறாத சரக்கு அதிகம்.

அருஷா முருகேசன்:
ஏன் பதிவேட்டில் ஏறுவதில்லை? ஏற்றினால் எரிப்பார்கள்.

இளம்பரிதி:
அதே நமங்காவில் 2018 டிசம்பரில் அன்றைய கென்ய அதிபர் கென்யாட்டாவும் தான்சானிய அதிபர் மகுஃபுலியும் சேர்ந்து நின்று ஒருமுனை எல்லைச் சாவடியைத் திறந்துவைத்தார்கள். இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூரையின் கீழ். உங்கள் குஞ்சுகள் எரிந்து ஓராண்டு கடந்ததும் நடந்தது. சாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் இடையே சிருண்டுவில் 2009லேயே வந்துவிட்டது. இதற்கும் ஏதாவது குறை வைத்திருப்பீர்களே?

அருஷா முருகேசன்:
இரண்டு தலைவர்கள் நாடா வெட்டியதை நானும் பார்த்தேன். கட்டடம் அழகாகத்தான் இருக்கிறது. என் லாரி ஒன்பது நாள் நின்றது அந்தக் கட்டடம் வந்த பிறகுதான். வாடகை ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன், தேதியோடு. நாளைக்குப் படமாகப் போடுகிறேன்.

தேன்மொழி:
ரசீது போடுங்கள், பார்க்கிறேன். அது தீவன ரசீது. குஞ்சுகளுக்கு அனுமதித் தாள் இருந்ததா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

அருஷா முருகேசன்:
பரிசோதனை நடந்ததா, இல்லையா? முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

கப்பல் சுந்தரம்:
'தன்சனீயா'வில் எந்த 'ன' வரும்?