மீட்டரில் 25 ஓம் சரியாக வருகிறது, ஆனாலும் பழைய கோஆக்ஸ் நெட்வொர்க் விழுகிறது. உதவுங்கள்

கேள்வி:
ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். நூல் சோதனைக் கூடத்தில் ஆறு டாஸ் கணினிகளும் ஒரு நெட்வேர் 3.12 (ஃபைல்களைப் பகிரும் பழைய மென்பொருள்) சர்வரும், நடுக்கம்பியைச் சுற்றி வலைக்கம்பி உள்ள மெல்லிய கோஆக்ஸ் கேபிளில் ஓடுகின்றன. மொத்த நீளம் 70 மீட்டர் இருக்கும். சோதனைக் கருவியின் மென்பொருள் புதுக் கணினியில் ஓடாது.

போன வாரம் ஒரு கணினியைப் பக்கத்து அறைக்கு மாற்றினோம். கேபிளைக் கணினியோடு சேர்க்கும் டி வடிவக் கனெக்டரைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, அதிலிருந்து 12 மீட்டர் கேபிள் இழுத்து கணினியில் மாட்டினோம். சிசிடிவி போடும் தம்பிதான் இரண்டு பக்கமும் பிஎன்சி (கோஆக்ஸ் கேபிள் நுனிக் கனெக்டர்) அடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து எல்லாக் கணினியிலும் தகராறு. லாகின் ஆகிறது, ஃபைலைத் திறந்தால் பாதியில் நின்றுவிடுகிறது. கேபிளின் இரு முனையிலும் சிக்னலை உறிஞ்ச மாட்டும் டெர்மினேட்டர்கள் தனித்தனியே 50 ஓம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு டி-யில் அளந்தால் 25.4. வேறு எங்கே தேடுவது? ஷிப்டு ரிப்போர்ட்டைக் கையால் எழுதுகிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

பதில் 1:
பிஎன்சி போர்ட் உள்ள பழைய 10 மெகாபிட் ஹப் (பல கேபிள்களை இணைக்கும் பெட்டி) கிடைத்தால், மாற்றிய கணினிக்கு மட்டும் சாதாரண லேன் கேபிள் போட்டுவிடலாமே?

கேட்டவர்:
அந்தக் கணினியின் நெட்வொர்க் கார்டில் பிஎன்சி மட்டும்தான் சார்.

பதில் 2:
தம்பி, உங்கள் அளவு சரி. இரண்டு 50 ஓம் இணையாக நின்றால் 25 தான் வரும். ஆனால் மீட்டர் அனுப்புவது பேட்டரி மின்சாரம். கிளையாகத் தொங்கும் கேபிள் அதன் கண்ணுக்குத் தெரியாது.

இந்த நெட்வொர்க்கில் கிளையே கூடாது. டி நேராகக் கார்டின் மேல் உட்கார வேண்டும். உங்கள் 12 மீட்டர் வாலின் நுனியில் டெர்மினேட்டர் இல்லை. கார்டும் சிக்னலை உறிஞ்சாது. அதனால் போன சிக்னல் மோதித் திரும்பும். இந்தக் கேபிளில் சிக்னல் ஒரு நானோ நொடிக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் போகும். போக வர 24 மீட்டருக்கு 120 நானோ நொடி. நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஒரு பிட்டுக்கு 100 நானோ நொடிதான். முந்தைய பிட்டின் எதிரொலி அடுத்த பிட்டின் மேல் வந்து விழுகிறது. எல்லாரும் ஒரே கம்பியில் இருப்பதால் அத்தனை பேருக்கும் அடி.

இன்னொன்று, கேபிள் மேலுறையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். சிசிடிவிக்குப் போடுவது பெரும்பாலும் 75 ஓம். உங்களுக்கு வேண்டியது 50 ஓம் ஆர்ஜி-58. இந்த வித்தியாசத்தையும் மீட்டர் காட்டாது.

முதலில் அந்த வாலை டி-யிலிருந்து கழற்றிவிட்டு மற்றவை ஓடுகின்றனவா பாருங்கள். ஓடினால், ஆர்ஜி-58-இல் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு கேபிள் இழுத்து, டி-யைப் புது இடத்தில் கார்டிலேயே மாட்டுங்கள். மொத்தம் 94 மீட்டர்தான் ஆகும், 185 வரை போகலாம்.

கேட்டவர்:
ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. வாலைக் கழற்றியதும் மற்ற ஐந்தும் சரியாகிவிட்டன. கேபிளில் ஆர்ஜி-59 என்றுதான் இருந்தது.

ஆர்ஜி-58 வாங்கி இரண்டு ஓட்டம் போட்டேன். அப்புறமும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை விழுந்தது. மீட்டரை மாட்டி வைத்து ஒவ்வொரு பிஎன்சியாக மெல்ல ஆட்டினேன். ஒன்றை ஆட்டும்போது 25 என்பது 50-க்குத் தாவியது. கழற்றிப் பார்த்தால், அது ஆர்ஜி-59-க்கான கனெக்டர். இந்தக் கேபிள் அதைவிட மெலிசு, அதனால் வலைக்கம்பியை அழுத்திப் பிடிக்கவில்லை. சரியான அளவில் வாங்கி அடித்தேன். இரண்டு நாளாக ஒரு தடவைகூட விழவில்லை. இன்று காலை ரிப்போர்ட் பிரிண்டரில் வந்தது. மிக்க நன்றி ஐயா.

ஒரே ஒரு சந்தேகம்: புது டி-யின் உலோகம் இரும்பு மேசையில் படுகிறது. பரவாயில்லையா?

பதில் 2:
படக்கூடாது. கேபிளின் வலைக்கம்பிக்கு எர்த் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். ஒரு முனை டெர்மினேட்டரில் சின்னச் சங்கிலி தொங்குகிறதா? அதுதான் அந்த இடம். மேசையில் படும் டி-க்கு ரப்பர் உறை போடுங்கள், இல்லையென்றால் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.